கால் விற்றவள்

ஷிரீன் என்று அணியத்தில் எழுதிய இந்தப் படகை
தின்ஷா பட்லிவாலாவிடம் வாங்கினேன்.
பெயரை அழிக்க மனம் வரவில்லை,
பெயிண்ட் விலையும் அதிகம்.
செம்பூர் வாடகை நாற்பத்திரண்டாயிரத்தைத் தொட்ட மாதம்
இரண்டு மானிட்டர், நாலு பேட்டரி, ஒரு தோசைக்கல்லோடு
கொலாபாவுக்கு எதிரே மிதக்க வந்துவிட்டேன்.

இங்கிருந்து தலால் தெருக் கட்டடத்தின் மேல்மாடி தெரியும்.
ஆனால் விலைகள் இப்போது அங்கே குடியில்லை.
பாந்திரா பக்கம், குளிரூட்டிய அறையில்,
பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.
என் ஆர்டர் ஒவ்வொன்றும்
கரையிலுள்ள செல்போன் கோபுரம் ஏறி
அவ்வளவு தூரம் போய்த் திரும்ப
கண் சிமிட்டும் நேரம் ஆகும்.
நான் கரைக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது.

தொழில் என்ன என்றால் கால் விற்கிறேன் என்பேன்.
முதல் தடவை அம்மா பதறிப்போனாள்.
கால் என்பது ஒரு சொல், அம்மா.
ஏறும் என்று நம்புகிறவனுக்கு
ஏறாது என்று நினைக்கிறவள் விற்பது.
பொழுது சாய்வதற்குள் சொல் செத்துப்போனால்
காசு எனக்கு. பெரும்பாலும் செத்துப்போகும்.
பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றுதான் பேர்.
பாய்மரத்தடியில் உட்கார்ந்து
காற்றை விற்கிறேன் என்றாலும் பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை, எக்ஸ்பைரி.
பத்து லாட், பதினொன்று நாற்பதுக்கு.
ஸ்டாப்-லாஸ் காலையில் இரண்டு தரம் தட்டிவிட்டதால்
மூன்றாம் தரம் கோபத்தில் போடவில்லை
(இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை).
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.
ஆறு என்று நினைத்து.

இரண்டு நாற்பதுக்கு வற்றம் தொடங்கிற்று.
சங்கிலி முனக, ஷிரீன் மெதுவாக வடக்கே திரும்பினாள்.
துருப்பிடித்த மணல் பார்ஜ் ஒன்று
கோபுரத்துக்கும் எனக்கும் நடுவில்
எந்த அவசரமும் இல்லாமல் வந்து நின்றது.
பதினெட்டில் உறைந்தது விலை.
திரையில் சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கேபின் கூரைமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தேன்,
மூழ்குகிறவள் கையைத் தூக்குகிற மாதிரி.
அதைப் பார்த்துத்தான் யஷ்வந்த் தாண்டேல்
தண்ணீர்க் கேன்களோடு எஞ்சினை முடுக்கி வந்திருக்கிறான்.
"காய் ஜாலா, தாயி?"
மராத்தியில் தாயி என்றால் அக்கா;
எனக்கு அவன் கூப்பிடும்போதெல்லாம்
வயது கொஞ்சம் கூடிவிடும்.
அவனுடையது வேறு கம்பெனி சிம். மூன்று கோடு இருந்தது.
ஹாட்ஸ்பாட் போட்டுத் தரப் போனைத் திருப்பினான்.

பச்சை.
அதே ஸ்டிரைக், அதே கால்.
ஒரு லாட், பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கியது.

அவன் என் திரையைப் பார்த்தான்.
நான் அவன் திரையைப் பார்த்தேன்.
இரண்டு படகும் ஒன்றையொன்று இடித்து விலகின.
ஐம்பத்தெட்டுக்கு அவன் விற்றான்.
அறுபதுக்கு நான் வாங்கி மூடினேன்,
அவன் தந்த சிக்னலில்.

முப்பத்தோராயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு எனக்குப் போனது.
மூவாயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைவாக அவனுக்கு வந்தது.
கேனுக்கு முப்பது, ஆறு கேன், நூற்றெண்பது என்றான்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
குறைத்திருந்தால் அழுதிருப்பேன்.
கிளம்பும்போது மட்டும்
ஒரு கை பொம்பில் மீனை அமரத்தில் வைத்துவிட்டு
எதுவும் சொல்லாமல் எஞ்சினைக் கிளப்பினான்.

பார்ஜ் நாலு மணிக்கு நகர்ந்தது.
ஐந்து கோடு சிக்னல்,
வாங்கவும் விற்கவும் ஒன்றுமில்லாத நேரத்தில்.

ராத்திரி மீனைத் தோசைக்கல்லில் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்தேன்.
பத்து லாட்டில் ஒன்று அவன் என்றே வைத்துக்கொள்வோம்.
மீதி ஒன்பது?
விளக்குகளை எண்ணத் தொடங்கி
மீன் தீய்ந்த வாடைக்குத் திரும்பினேன்.